ஈசானிய மூலைத் தொட்டி

மண்ணுக்கு உயிர் கொடுக்கும் மகத்தான பணிகள் யாவும் ஈசானிய மூலையிலிருந்தே தொடங்குகின்றன. நயினார்கோவிலுக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளி ராமசுப்பிரமணியன் கட்டிய சாணித் தொட்டி ஒழுகத் தொடங்கியதும் அந்த மூலையிலிருந்துதான்.

ராமசுப்பிரமணியன் முப்பத்துநான்கு வருடம் அரசாங்க அலுவலகம் ஒன்றில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே ஊருக்கு வந்து பதினெட்டுக் கலப்பின மாடுகளை வாங்கினார். மாடுகளுக்கு முன்பே பெயர்ப்பலகை வந்துவிட்டது. ‘ஒருங்கிணைந்த திரவ உரம் மற்றும் பாசன நீர் மேலாண்மை மாதிரிப் பண்ணை’ என்று எழுதியிருந்தது. பலகையின் அகலம் போதாமல் ‘பண்ணை’ மட்டும் கீழ்வரிக்கு இறங்கிவிட்டது. பஸ்ஸில் போகிறவர்களால் தனியாக நின்ற அந்த ஒரு சொல்லைத்தான் படிக்க முடிந்தது. அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

திட்டம் நல்ல திட்டம்தான். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மாட்டுக் கொட்டத்தைத் தினம் இரண்டு வேளை கழுவ வேண்டும். சாணி, மூத்திரம், கழுவிய தண்ணீர் எல்லாம் ஒரே தொட்டிக்கு வர வேண்டும். அங்கிருந்து வயலுக்குப் போக வேண்டும். பயிருக்கு எருவும் ஆச்சு, தண்ணீரும் ஆச்சு. மழையை நம்பி நெல்லை விதைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சீமையில், நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் என்பது சின்ன விஷயமில்லை.

தொட்டியை எங்கே கட்டுவது என்று தீர்மானிக்கப் பரமக்குடியிலிருந்து வாஸ்து பார்க்கிறவர் வந்தார். கழிவுநீர் என்றால் வாயு மூலை, நல்ல தண்ணீர் என்றால் ஈசானிய மூலை, இது எதில் சேரும் என்று அரைநாள் விவாதம் நடந்தது. சாணத்தில் லட்சுமி குடியிருப்பதால் அது கழிவாகாது என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முடிவாயிற்று. ஆகவே ஈசானியம்.

மாடு பார்க்கும் வேல்ராஜுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

“சார், நம்ம வயக்காடு பூரா மேக்கால மேட்டுல கெடக்கு. தொட்டிய வடகெழக்குப் பள்ளத்துல கட்டுனா, சாணித்தண்ணி மேட்டுக்கு எப்படி ஏறும்?”

“மோட்டார் எதுக்குடா இருக்கு?”

“மோட்டாரு தண்ணியக் குடிக்கும் சார். சாணியத் திங்குமா?”

“லட்சுமியப் பத்தி மரியாதையாப் பேசு.”

மோட்டார் மூன்று நாள் தின்றது. நாலாம் நாள் செரிக்காமல் நின்றது. மூன்று தடவை கழற்றி மாட்டிய மெக்கானிக், அதன் பிறகு ராமசுப்பிரமணியனின் போனை எடுப்பதை விட்டுவிட்டார். கழுவக் கழுவத் தொட்டி நிரம்பியது. நிரம்பிய தொட்டி கிழக்குச் சுவரின் அடியில், கட்டைவிரல் கனத்துக்கு, ஒரு வெடிப்பு விட்டது.

அந்தச் சுவருக்குக் கீழே சோணையம்மாளின் ஒரு ஏக்கர் இருந்தது.

சோணையம்மாளுக்கு ஐம்பது வயது. தனியாக விவசாயம் பார்க்கிறவள். இரண்டு வருடமாக விளைச்சல் பொய்த்து, வீட்டில் கடைசியாக இருந்த விதைநெல்லைப் புரட்டாசியில் விதைத்துவிட்டாள். இதுவும் போனால் சோற்றுக்கு ரேஷன் அரிசி உண்டு, விதைக்கு ஒரு மணி இல்லை. விதைக்காத நிலத்தை ராமநாதபுரம் ஜில்லாவில் யாரும் சும்மா விட்டுவைப்பதில்லை. இரண்டே வருடத்தில் சீமைக்கருவேலம் வந்து பட்டா எழுதிக்கொள்ளும். அவளுக்குத் தெற்கே அப்படி எழுதிக்கொண்ட நிலம் பதினோரு ஏக்கர் இருந்தது.

ஐப்பசிக் கடைசியில் மழை நின்றது. பயிர் வயிறு பருத்துக் கதிர் வைக்கப்போகும் சமயம். கண்மாயில் முழங்கால் தண்ணீர். அதிலும் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் அவள் முறை. ஊர் வயல்களெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, சோணையம்மாள் தன் மேற்கு வரப்பில் வழுக்கி விழுந்தாள். சேலையெல்லாம் சாணி. ஊரே வெடித்துக் கிடக்கும்போது நம் வரப்பு மட்டும் வழுக்குகிறதே என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. நாற்றம் இரண்டாவதாகத்தான் வந்தது.

ஒழுகலை நேரே வயலுக்குள் விட்டுப் பார்த்தாள். மூன்றே நாளில் மூலைப் பயிரின் நுனியெல்லாம் நெருப்புப் பட்ட மாதிரி கருகிற்று. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். எருவும் கெட்டி, உப்பும் கூட. வரப்போரம் கட்டில் அளவுக்கு ஒரு குழி வெட்டினாள். திருப்பாலைக்குடியிலிருந்து கருவாடு விற்க வரும் ஜோதிமேரியிடம் கிழிந்த வலை ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு மடிப்பாகக் குழிக்கு மேலே கட்டினாள்.

“கருவாடு எடுக்காம வல எடுக்கிறவள இன்னைக்குத்தான்க்கா பாக்கேன். வயல்ல மீனா புடிக்கப் போற?” என்றாள் ஜோதிமேரி.

“ஆமா, சாணி மீனு. வந்தா ஒனக்கும் ரெண்டு தாரேன், கூடையில வச்சு வித்துக்க.”

வலையில் சாணி தங்கியது. குழியில் தண்ணீர் தெளிந்தது. அதைத் தன் முறையில் வாங்கித் தேக்கி வைத்த கண்மாய்த் தண்ணீரோடு சரிபாதி கலந்து விட்டாள். பயிர் நிமிர்ந்தது. ஆனால் ஒரு ஏக்கருக்கு அது எங்கே காணும்? ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, விடிந்ததும் அறுபது சென்டைத் தானே அறுத்து மாட்டுத் தீவனத்துக்குக் கொடுத்தாள். அழுதுகொண்டே அறுத்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், வேர்வையாகவும் இருந்திருக்கலாம். மீதி நாற்பது சென்ட், நாலு பாத்தி. நாளுக்கு ஒரு பாத்திக்குத் தண்ணீர் போகும் வாமடையை வெட்டுவது, மற்ற மூன்றையும் அடைப்பது. இலை வெளிறினால் குழித் தண்ணீர் கொஞ்சம் கூட. கருகருவென்று போனால் குறைச்சல். இதற்கு அவள் பெயர் எதுவும் வைக்கவில்லை.

கதிர் எட்டிப்பார்க்கப் பத்து நாள் இருக்கும்போது வேல்ராஜ் ஓடிவந்தான்.

“அத்த, நாளைக்குக் கொத்தனாரு வாராரு. வெடிப்பப் பூசப் போறாக. வேளாண்மை ஆபீஸ் மேடம் பண்ணையப் பாக்க வாராகளாம், தொட்டி ஒழுகுனா கேவலமாம்.”

“எம்புட்டு நேரத்துக்கு?”

“கொத்தனாரா, மேடமா?”

“ரெண்டும்தான்டா.”

“கொத்தனாரு ஒம்பதுக்கு. மேடம் பத்துக்கு.”

“ஏலே வேலு, ஒரு மாசம் கழிச்சுப் பூசிக்கிறலாம்னு நீ சொல்லிப் பாரேன்.”

“நான் சொன்னா இன்னைக்கே பூசிருவாரு.”

அது உண்மை. நேரே போய்க் கேட்பதும் நடக்காது. போன வருடம் வண்டிப்பாதைக்கு இரண்டு அடி கேட்டபோது, மனுவாக எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தாள். ஓரத்தில் இடம் விடவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கேட்டதைக் கொடுக்காமலிருப்பதில் முப்பத்துநான்கு வருடப் பயிற்சி உள்ளவர்.

சோணையம்மாள் வரப்போரம் காய்த்துக் கிடந்த பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தாள். சாயங்காலம், “கொத்தனாரப் பத்தரை வரைக்கும் புடிச்சு வையி,” என்று மட்டும் வேல்ராஜிடம் சொன்னாள்.

அது வேல்ராஜுக்குக் கஷ்டமாக இல்லை. கொத்தனார் தங்கப்பாண்டிக்கு ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்து, இந்தத் தொட்டியைக் கட்டிய முந்தின கொத்தனாரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான். தங்கப்பாண்டி பத்தரை வரைக்கும் பதில் சொன்னார்.

பத்து மணிக்கு உதவி வேளாண்மை அலுவலர் ஜெயப்பிரியா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ராமசுப்பிரமணியன் கோப்பைத் திறந்து, முன்னுரையின் மூன்றாம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, இடுப்பில் ஒரு பூசணிக்காயோடு சோணையம்மாள் கொட்டத்துக்குள் வந்தாள். பின்னாலேயே கொத்தனாரும் கலவைச் சட்டியோடு வந்து நின்றார்.

“சார்!” என்றாள் சோணையம்மாள்.

பிறந்ததிலிருந்து அவரை அண்ணே என்று கூப்பிட்டவள். அந்த ஒரு சொல்லிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

“சார், நீங்க நல்லா இருக்கணும். ஊரே காஞ்சு கெடக்கு. ஒங்க தொட்டித் தண்ணியில எம் பயிரு மட்டும் பச்சையா நிக்குது. ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவோம்னு வந்தேன். இது அந்தத் தண்ணியில காச்சதுதான்.”

ராமசுப்பிரமணியன் பூசணிக்காயைப் பார்த்தார். கொத்தனாரைப் பார்த்தார். வெடிப்பில் போவது மண்ணுக்குள் போகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். தன்னுடைய திரவ உரம் அடுத்தவள் வயலில் மேய்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் முகத்தில் முதலில் நஷ்டம் வந்தது, பின்னாலேயே கோபம் வந்தது, அதற்குள் மேடம் நிற்பது ஞாபகம் வந்தது.

“அது... அதான் திட்டத்தோட ரெண்டாவது பகுதி,” என்றார்.

ஜெயப்பிரியா கோப்பைப் புரட்டினார். “ரெண்டாவது பகுதின்னு இதுல ஒண்ணும் இல்லையே சார்?”

“அது இன்னும் டைப் ஆகலே.”

“போய்ப் பாத்துரலாமா?”

ஜெயப்பிரியா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கினார். வலையைத் தூக்கிப் பார்த்தார். பையிலிருந்து ஒரு சின்ன மீட்டரை எடுத்துக் குழியில் ஒருமுறையும், பாத்தியில் ஒருமுறையும் முக்கினார். இலையைத் திருப்பிப் பார்த்தார்.

“குழித் தண்ணியில உப்பு கூட இருக்கு. கலந்து விட்டதுல சரியா இருக்கு. இந்த அளவு யாரு சொன்னது?”

ராமசுப்பிரமணியன் சோணையம்மாளைப் பார்த்தார். மேலதிகாரி கேள்வி கேட்கும்போது எழுத்தரைப் பார்க்கும் பார்வை அது.

“தொட்டி சார் கட்டுனாக தாயி. அளவு நாக்குதான்.”

“நாக்கா?”

“எல்லார்ட்டயும் மீட்டரா இருக்கு?”

ஜெயப்பிரியா சிரித்துவிட்டார். “கதிர் வெளிய வந்துட்டா இந்தக் கெட்டித் தண்ணி வேண்டாம்மா. சத்து கூடிப் போனா பயிர் சாஞ்சிரும், பதராப் போயிரும். அப்ப வெறும் தண்ணிதான் வேணும்.”

“அதான் எனக்கும் ரோசனை.”

“சார்,” என்று மேலிருந்து தங்கப்பாண்டி கூப்பிட்டார், “பூசவா, வேணாமா? கலவை எறுகுது.”

“பூசுறதா? யாருய்யா பூசச் சொன்னது? வால்வு வைக்கணும்னுல்ல சொன்னேன்!”

“வால்வா? நேத்து நீங்க—”

“தங்கப்பாண்டி!”

சாயங்காலத்துக்குள் வெடிப்பு இருந்த இடத்தில் ஒரு குழாயும், அதில் சிவப்புக் கைப்பிடி வைத்த வால்வும் வந்துவிட்டன. சோணையம்மாள் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள். முந்தின நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கியிருக்கவில்லை.

ஆனால் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தவரைக்கும் அது அவள் கையில் இருந்தது. வால்வு வந்தபின் அவர் கைக்குப் போய்விட்டது. மறுநாள் காலை ராமசுப்பிரமணியன் தொப்பி போட்டு, நோட்டுப் புத்தகம் எடுத்து, வால்வை முழுசாகத் திறந்துவிட்டார். அதற்கடுத்த நாளும் திறந்தார். மூன்றாம் நாள் குழி நிறைந்து வழிந்து, பயிர் கருகருவென்று வளரத் தொடங்கியது. பார்க்கிறவர்கள் செழிப்பு என்றார்கள். சோணையம்மாள் ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தாள். இந்தக் கறுப்பில் கதிர் வந்தால் நெல் இருக்காது, கூளம்தான் இருக்கும்.

மறுநாள் விடிந்ததும் போய் நின்றாள்.

“சார், நேத்து ராத்திரி வால்வ அடைச்சு வச்சீகளே, பயிரு மூச்சு விட்டுருச்சு. அந்த நேரம் பாத்து அடைக்கணும்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

ராமசுப்பிரமணியன் வால்வை அடைக்கவே இல்லை. ராத்திரி வேல்ராஜ் அடைத்திருந்தான். ஆனால் இப்படி ஒருவர் கேட்கும்போது இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“அதெல்லாம் ஒரு அனுபவம்,” என்றார். மூன்று நாள் அடைத்தே வைத்திருந்தார்.

வழி தெரிந்துவிட்டது. அவர் செய்யாத காரியத்துக்கு முதல் நாளே நன்றி சொல்லிவிட்டால், மறுநாள் அதைச் செய்துவிடுவார். கதிர் வெளியே வந்தபோது அவளுக்குச் சாணி வேண்டாம், தண்ணீர் மட்டும் வேண்டும். “சாணிய மொதல்ல வாரிக் குமிச்சுட்டு, பெறகு கொட்டத்தக் கழுவச் சொன்னீகளாமே சார், வேலு சொன்னான். தண்ணி எம்புட்டுத் தெளிவா வருது!” என்றாள். அன்று மத்தியானமே கொட்டத்துச் சுவரில் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது: ‘சாணத்தை அகற்றிய பின்னரே கழுவுதல் வேண்டும். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ அந்தப் பண்ணையில் மீறக்கூடியவன் வேல்ராஜ் ஒருவன்தான். நாலைந்து மாடுகளும் அதை நின்று பார்த்தன.

பால் பிடிக்கும் சமயத்தில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது. அதற்கும் நன்றி சொன்னாள். மூன்றாவது வேளையும் கொட்டம் கழுவ உத்தரவாயிற்று.

“அத்த, போதும்,” என்றான் வேல்ராஜ். “மார்கழிக் குளிருல மூணு வேளை குளிச்சு மாட்டுக்குச் சளி புடிச்சிருச்சு. எனக்கும் புடிச்சிருச்சு. நீ இன்னொரு தடவ அவுகளுக்கு நன்றி சொன்னா நான் வேலைய விட்டுப் போறேன்.”

“இன்னும் எட்டு நாளுடா. நெல்லு வந்ததும் ஒனக்கு வெறும் நன்றி இல்ல, ஒரு மூட்டையே இருக்கு.”

இதையெல்லாம் தந்திரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சோணையம்மாள் ஒவ்வொரு நாளும் கைகூப்பியபோது, அந்தக் கையில் பொய் இல்லை. அந்தத் தண்ணீர் வராவிட்டால் நிலம் போயிருக்கும். யாருக்காவது கும்பிடு போட வேண்டும் என்று நெஞ்சு முட்டிக்கொண்டுதான் இருந்தது.

ராமசுப்பிரமணியனுக்கோ இது புதுசு. முப்பத்துநான்கு வருடத்தில் அவர் மேசைக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பேர் கைகூப்பியிருக்கிறார்கள். வேலை முடிந்த பிறகு திரும்பி வந்து கைகூப்பியவர் ஒருவர்கூட இல்லை. ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், அதில் இன்னொருவர் பெயர் இருந்தது. இப்போது அவர் காலை ஆறு மணிக்கே தொப்பி இல்லாமல் வரப்பில் வந்து உட்கார்ந்தார். நோட்டுப் புத்தகம் வீட்டிலேயே கிடந்தது. வலையில் தங்கிய சாணியைக் கையாலேயே வழித்துப் போட்டார். ஒரு நாள் வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு, எழுத்தரிடமும் கேட்காத, மனைவியிடமும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்:

“ஏத்தா, இன்னைக்குத் தெறக்கவா, வேண்டாமா?”

சோணையம்மாள் இலையைப் பார்த்தாள். “அரைத் திருகு போதும். பத்து மணிக்கு அடைச்சிருங்க.”

சரியாகப் பத்து மணிக்கு அடைத்தார்.

மார்கழிக் கடைசியில் அறுப்பு. நாற்பது சென்டில் ஒன்பது மூட்டை கண்டது. இரண்டை விதைக்கென்று தனியே கட்டிவைத்தாள். ஒன்று வேல்ராஜுக்குப் போனது. ஊரில் அந்த வருடம் நெல்லுக்கென்று அரிவாள் பிடித்த வயல் அது ஒன்றுதான். ராமசுப்பிரமணியனின் நாலு ஏக்கர் நெல், மோட்டாருக்கும் மழைக்கும் காத்திருந்து, கார்த்திகையிலேயே காய்ந்திருந்தது. அதை அறுத்து மாடுகளுக்குப் போட்டார்கள். அவை நன்றியோடு தின்றன.

களத்தில் தூற்றிக்கொண்டிருந்தவளிடம் ராமசுப்பிரமணியன் வந்தார். நின்றார். ஒரு கை நெல்லை அள்ளிக் கீழே விட்டார்.

“சோணை, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்கண்ணே.”

“அது திட்டம் இல்ல. ரெண்டாவது பகுதின்னு ஒண்ணு கெடையாது. தொட்டி வெடிச்சிருச்சு, அம்புட்டுத்தான். நான் அன்னைக்கு அதப் பூசத்தான் கொத்தனாரக் கூப்பிட்டேன்.”

“தெரியும்ணே.”

“வால்வ அடைச்சதும் நான் இல்ல.”

“அதும் தெரியும். நான்தான் வேலுவ அடைக்கச் சொன்னேன்.”

“பெறகு எதுக்கு எனக்கு வந்து நன்றி சொன்ன?”

சோணையம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“வெடிப்புக்கு நன்றி சொன்னா அதுக்குக் கேக்குமா? ஒங்களுக்குத்தான் காது இருந்துச்சு. பூசியிருக்கலாம், பூசலைல்ல? தெனம் வந்து தெறந்தீக, அடைங்கன்னா அடைச்சீக. மேகத்துக்கிட்ட இதச் சொல்லிப் பாருங்க, கேக்குதான்னு பாப்போம். நெசமாத்தான்ணே சொல்றேன், நீங்க நல்லா இருக்கணும்.”

ராமசுப்பிரமணியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி பறந்துகொண்டுதான் இருந்தது. பிறகு, இதற்கு ஓரத்தில் இடம் விட்டு மனு எழுத வேண்டியதில்லை என்று சொல்லி, வண்டிப்பாதைக்கு இரண்டு அடியை அங்கேயே காலால் கோடு கிழித்துக் கொடுத்தார். சோணையம்மாள் புது நெல்லைக் குத்தி, முதல் நாலு படி அரிசியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பொங்கலுக்கு மதுரையிலிருந்து அவர் மகனும் சம்பந்தி வீட்டாரும் மாதிரிப் பண்ணையைப் பார்க்க வந்திருந்தார்கள். அரிசி பத்தாமல், வேல்ராஜை அனுப்பிச் சோணையம்மாளிடம் இன்னும் ஒரு படி கேட்டு வாங்கினார்கள்.